புகையிலையில் தழைச்சத்துக் கோளாறு: அறிகுறியைப் பார்த்து மண்ணை அறியும் வழிமுறை

நெல்லுக்கும் கரும்புக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் செலவு ஏறும், பூச்சி வரும், பயிர் சாயும். புகையிலைக்கு அதைவிடப் பெரிய கேடு உண்டு. இலையின் தரமே கெட்டுவிடும். குறிப்பாக, சூட்டுக் காற்றில் பதப்படுத்தும் வெர்ஜீனியா வகைக்கு நுனி ஒடிக்கும் (பூ வரும் நுனியைக் கிள்ளும்) வரை தழைச்சத்து தாராளமாக வேண்டும். அதன் பிறகு அது தீர்ந்துபோக வேண்டும். தீர்ந்தால்தான் இலை வெளிறிப் பழுக்கும், மாவுச்சத்து சேரும், பதப்படுத்தும்போது அது சர்க்கரையாக மாறும். மணற்பாங்கான, மக்கு (மண்ணில் மட்கிய பொருள்) குறைந்த நிலங்கள் இந்த வகைக்கு ஏற்றவையாக இருப்பதற்குக் காரணம், அவை தழைச்சத்து கொடுப்பதை நேரத்தோடு நிறுத்திக்கொள்வதே.

உரமூட்டையில் எவ்வளவு போட்டோம் என்பது எல்லோருக்கும் தெரியும். மண் தன் பங்காக எவ்வளவு கொடுக்கும், எந்த வாரத்தில் கொடுக்கும் என்பதைக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. கீழே உள்ள கோளாறுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் பிறக்கின்றன. அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் இரண்டு கேள்விகள்: நட்டு எத்தனை வாரம் ஆயிற்று? அறிகுறி அடியிலையிலா, நுனியிலையிலா?

வகையையும் மறக்க வேண்டாம். வெர்ஜீனியாவுக்கு மொத்த உரத் தழைச்சத்து பொதுவாக எக்டேருக்கு 55 முதல் 90 கிலோ. நிழலில் காற்றில் உலர்த்தும் பர்லிக்கு 170 முதல் 280 கிலோ வரை போகிறது. பர்லிக்குப் பொருத்தமான மண் வெர்ஜீனியாவுக்குக் கெடுதலாக முடியும்.

கையில் இருக்க வேண்டிய அளவுகள்

மண் துளைக்கருவியால் 0–30 செ.மீ., 30–60 செ.மீ. என இரண்டு ஆழங்களைத் தனித்தனியாக எடுங்கள். ஒரே மாதிரியான ஒரு பகுதிக்கு 15 முதல் 20 துளைகள். ஈரமண்ணைப் பையில் கட்டி வெயிலில் வைத்தால் பைக்குள்ளேயே நைட்ரேட் உருவாகிக்கொண்டிருக்கும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்துக்குக் கொடுங்கள், முடியாவிட்டால் நிழலில் மெல்லப் பரப்பி ஒரே நாளில் உலர்த்துங்கள்.

அறிக்கையில் நைட்ரேட் என்று இருக்கிறதா, நைட்ரேட்டில் உள்ள தழைச்சத்து என்று இருக்கிறதா என்று பாருங்கள். முன்னது என்றால் 4.43ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். பிறகு: கிலோவுக்கு மி.கி. × மண்ணின் பருமன் அடர்த்தி × ஆழம் செ.மீ. ÷ 10 = எக்டேருக்குக் கிலோ. கிலோவுக்கு 8 மி.கி., அடர்த்தி 1.5, ஆழம் 30 என்றால் 36 கிலோ. வெர்ஜீனியாவின் தேவையில் பெரும்பங்கு உரம் போடுவதற்கு முன்பே மண்ணில் கிடக்கிறது என்று பொருள்.

பாசன நீரையும் சேருங்கள். லிட்டருக்கு எத்தனை மி.கி. நைட்ரேட்-தழைச்சத்து × எத்தனை மி.மீ. பாய்ச்சினோம் ÷ 100. லிட்டருக்கு 10 மி.கி. உள்ள கிணற்று நீரை 300 மி.மீ. பாய்ச்சினால் 30 கிலோ வந்துவிடும். அதிலும் பாதி, நுனி ஒடித்த பிறகு வந்து சேரக்கூடும்.

மண் மக்கிலிருந்து விடுபடுவதைத் தோராயமாகக் கணிக்கலாம். மேல் 15 செ.மீ. மண் எக்டேருக்குச் சுமார் 2,250 டன். அங்ககக் கரிமம் 0.5 சதவீதம் என்றால் கரிமம் 11 டன்னுக்குச் சற்று மேல், அதோடு பிணைந்த தழைச்சத்து ஏறக்குறைய 1 டன். ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் விடுபட்டால் 20 முதல் 30 கிலோ. கரிமம் 1.5 சதவீதமாக இருந்தால் அதே கணக்கு 60 முதல் 90 கிலோவாகிறது. வெர்ஜீனியாவின் மொத்த உரத் தேவைக்குச் சமமான அளவு அது! வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த விடுபடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும், மண் காய்ந்தால் நின்றுபோகும்.

நட்டு மூன்று வாரத்துக்குள்: செடி வெளிறி நிற்கிறது, எழும்பவில்லை

இந்தக் கட்டத்தில் செடி எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து மிகச் சொற்பம். எனவே வெளிறிய செடியைப் பார்த்ததும் யூரியாவைத் தூக்க வேண்டாம். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.

வேர் நுனி பழுப்பாகி, பக்கவேர் விடாமல் இருந்தால் உரம் வேருக்கு அருகில் விழுந்து உப்பு சுட்டிருக்கிறது. உரவரிசை செடியிலிருந்து 8 முதல் 10 செ.மீ. தள்ளி, நாற்றின் வேர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். ஒரு நல்ல பாசனம் கொடுத்து உப்பைக் கலைத்தால் செடி மீளும்.

வேர் வெள்ளையாக இருந்து, இலை நீலம் கலந்த கரும்பச்சையாகி ஓரம் கீழ்நோக்கி வளைந்தால் அம்மோனியம் மிகுந்திருக்கலாம். நூற்புழுவுக்காக மண்ணைப் புகையூட்டிய வயல்களில் இது வழக்கம். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களும் அந்தப் புகையில் அழிந்துவிடுகின்றன. குளிர்ந்த மண்ணிலும், கார அமில நிலை 5.5க்குக் கீழே போன மண்ணிலும் இதே தேக்கம் உண்டு. ஆய்வில் அம்மோனியம், நைட்ரேட் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். அம்மோனியம் பல மடங்கு மேலே இருந்தால் உறுதி. அந்த வயலில் தழைச்சத்தில் பாதியாவது நைட்ரேட் வடிவில் இருக்க வேண்டும். அமில மண்ணுக்கு நடவுக்குச் சில மாதங்கள் முன்பே சுண்ணாம்பு இட்டு 6 அருகே கொண்டுவாருங்கள்.

மூன்றாவது காரணம் வைக்கோல். தானியப் பயிரின் தாளை உழுது மூடிய சில நாட்களில் நட்டிருந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும். கரிமம்-தழைச்சத்து விகிதம் 25க்கு மேல் உள்ள எந்தத் தாளுக்கும் இது பொருந்தும். 5 டன் வைக்கோல் சுமார் 35 கிலோவை முடக்கக்கூடும். அதை ஈடுகட்ட 35 கிலோ கூடுதலாக இட்டுவிடத் தோன்றும். இடாதீர்கள். நுண்ணுயிர் பிடித்தது கடன்தான். அவை மடியும்போது அந்தத் தழைச்சத்து திரும்பி வரும், வரும் நேரம் பெரும்பாலும் நுனி ஒடிக்கும் பருவம். 10 கிலோ அளவில் கால்சியம் நைட்ரேட்டாகக் கொடுத்துச் செடியைத் தூக்கிவிட்டால் போதும். அடுத்த முறை தாளை ஆறு வாரம் முன்னதாக மடக்கி உழுங்கள்.

நான்கு முதல் ஏழு வாரத்தில்: அடியிலை மஞ்சளாகி மேலேறுகிறது

செடி வேகமாகத் தழைச்சத்தை உறிஞ்சும் காலம் இது. உண்மையான பற்றாக்குறை என்றால் இலை முழுவதும், நரம்பு உட்பட, சீராக வெளிறும். அடியிலை எலுமிச்சை மஞ்சளாகி, காய்ந்து சுருங்கும். தண்டு மெலியும், இலை தண்டோடு குறுகிய கோணத்தில் நிமிர்ந்து நிற்கும், பூ முந்தி வரும்.

இதோடு குழம்புபவை நான்கு. அடியிலையின் நுனியும் ஓரமும் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் மக்னீசியக் குறை. மணல் நிலத்தில் பெருமழைக்குப் பிறகு இது அடிக்கடி வரும், தழைச்சத்துக் குறை என்றே பலர் எண்ணிவிடுவார்கள். மேலிலைகளிலிருந்து வெளிறல் தொடங்கினால் கந்தகம். ஓரத்தில் துருப்புள்ளிகளும் கீழ்நோக்கிய வளைவும் இருந்தால் சாம்பல்சத்துக் (பொட்டாசியம்) குறை. திட்டுத்திட்டாக வெளிறி, நண்பகலில் வாடினால் வேரைப் பிடுங்கி நூற்புழு முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். வேர் முடிச்சுப் பிடித்த செடிக்கு எவ்வளவு உரம் போட்டாலும் ஏறாது. போட்டது மண்ணில் கிடந்து அடுத்த பயிருக்குப் போகும்.

பற்றாக்குறைதான் என்று உறுதியானால் எக்டேருக்கு 15 முதல் 20 கிலோ தழைச்சத்து, நைட்ரேட் வடிவில். 15.5 சதவீதம் உள்ள கால்சியம் நைட்ரேட் என்றால் 100 முதல் 130 கிலோ. பொட்டாசியம் நைட்ரேட்டில் 13 சதவீதம்தான் உண்டு, ஆனால் சாம்பல்சத்தும் கூடவே வரும். ஆறாவது வாரம் கடைசி எல்லை. இலைவழி யூரியாவை நம்பியிருக்க வேண்டாம்: 500 லிட்டரில் 1 சதவீதக் கரைசல் என்பது 5 கிலோ யூரியா, அதில் தழைச்சத்து 2.3 கிலோ மட்டுமே.

பெருமழைக்குப் பிறகு வெளிறுகிறது

முதலில் தண்ணீர் தேங்கியதா, வடிந்து இறங்கியதா என்று பிரித்துப் பாருங்கள். தேங்கியிருந்தால் வேர் மூச்சுத்திணறியிருக்கிறது. வெயில் வந்ததும் செடி தொய்ந்து விழும். புகையிலை வேர் இதைத் தாங்காது. அந்நேரம் இடும் உரத்தை உறிஞ்ச வேரே இல்லை. வடிகால் எடுத்து, மேல்மண் புழுதியாகும்போது மெல்லக் கொத்திக் காற்றோட்டம் கொடுங்கள். ஒரு வாரம் கழித்துப் புது வெள்ளை வேர் கண்டபின் உரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

வடிந்திருந்தால், எவ்வளவு ஆழம் இறங்கியது என்று கணக்குப் போடலாம். மண்ணின் கொள்ளளவைத் தாண்டிக் கீழே போன நீரை, மண் நிறைவில் பிடித்துவைக்கும் ஈரப் பங்கால் வகுங்கள். 25 மி.மீ. வடிந்தால், ஈரப் பங்கு 0.15 உள்ள மணலில் நைட்ரேட் சுமார் 17 செ.மீ. இறங்கும். 0.35 உள்ள களியில் 7 செ.மீ.தான். பெய்த மழை முழுவதையும் வடிந்ததாக எண்ணக்கூடாது. வழிந்தோடியதும், காய்ந்த மண் குடித்ததும் கழிக்கப்பட வேண்டும்.

அடுத்து, கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேலே மணல், 30 அல்லது 40 செ.மீ. கீழே களி என்ற அமைப்பில் இறங்கிய நைட்ரேட் தொலைந்துபோகவில்லை, களியின் மேற்பரப்பில் தங்கியிருக்கிறது. இரண்டு வாரத்தில் வேர் அதை எட்டும். இப்போது முழு இழப்பையும் ஈடுகட்டினால், மேலே புது உரமும் கீழே பழைய உரமும் ஒருசேர நுனி ஒடிக்கும் நேரத்தில் கிடைக்கும். துளைக்கருவியை இறக்கி 30–60 செ.மீ. நைட்ரேட்டைப் பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் மட்டும் இடுங்கள். களி 60 செ.மீ.க்கும் கீழே போன ஆழ்மணலில்தான் ஈடுகட்டுவது அவசியம்.

நுனி ஒடித்த பிறகும் கரும்பச்சை மாறவில்லை

மிக விலை கொடுக்க வைக்கும் அறிகுறி இது. இலை தடித்து, சுருக்கம் விழுந்து, பக்கச் சிம்பு ஓயாமல் வெடிக்கும். அசுவினி மேலிளம் பகுதியை மொய்க்கும். அடியிலைகள் நிழலில் அழுகும், மேலிலை பழுக்காது. நுனி ஒடித்ததும் வேர் நிக்கோட்டினை மும்முரமாக உண்டாக்குகிறது. நிக்கோட்டினின் எடையில் 17 சதவீதத்துக்கு மேல் தழைச்சத்துதான். ஆகவே இந்நேரம் மண் கொடுப்பதில் ஒரு பங்கு நேராக நிக்கோட்டினாக மாறும், சர்க்கரை சரியும்.

எங்கிருந்து வருகிறது என்று இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் வானிலை. முன்பாதியில் வறட்சி, நுனி ஒடித்த பிறகு மழை என்றால் இரண்டு சேர்ந்து வரும்: உறிஞ்சப்படாமல் கிடந்த உரமும், காய்ந்த மண் நனையும்போது மக்கிலிருந்து ஒரே வீச்சில் விடுபடுவதும்.

அடுத்து முந்தைய பயிர். பயறு வகையோ பசுந்தாளோ போயிருந்தால் கணக்கிட்டுப் பாருங்கள். எக்டேருக்கு 20 டன் பச்சைச் சணப்பை, அதில் உலர்பொருள் 4 டன், தழைச்சத்து 2.5 சதவீதம் என்றால் 100 கிலோ. முதல் பருவத்தில் பாதி விடுபட்டாலும் 50 கிலோ. வெர்ஜீனியாவுக்கு முன்னால் பசுந்தாள் மடக்குவது, மற்றப் பயிர்களில் எவ்வளவு நல்லதோ அவ்வளவு இடைஞ்சல். நீண்டகாலப் புல்வெளியை உழுத நிலமும் அப்படித்தான், முதல் சில ஆண்டுகள் தழைச்சத்தைக் கொட்டும்.

மூன்றாவது எரு. தொழுஉரம் 10 டன்னில் 50 கிலோ அளவு தழைச்சத்து இருந்தாலும் முதல் பருவத்தில் கால்பங்குதான் வரும். ஆனால் ஆண்டுதோறும் இட்டால் பழைய எருவின் பாக்கியும் சேர்ந்துகொள்ளும். கோழி எரு இன்னும் வீரியமானது, குளோரைடையும் கொண்டுவரும். இலையில் குளோரைடு 2 சதவீதத்தைத் தாண்டினால் புகையிலை சரியாக எரியாது. குளோரைடு வடிவான மியூரேட் ஆஃப் பொட்டாஷைத் தவிர்த்து சல்ஃபேட் வடிவைத் தேர்வதும் இதற்காகத்தான்.

கடைசியாக இடை உழவு. ஐந்தாவது, ஆறாவது வாரத்துக்குப் பிறகு ஆழமாகக் கிளறினால் காற்றுப் பட்டு மக்கு வேகமாகச் சிதையும், பக்கவேரும் அறுபடும். களைக்காக என்றால் மேலோட்டமாகச் சுரண்டினால் போதும்.

இந்தப் பருவத்தில் என்ன செய்யலாம்? தழைச்சத்தை மண்ணிலிருந்து திரும்ப எடுக்க வழியில்லை. அதிக நீர் பாய்ச்சிக் கழுவிவிடப் பார்ப்பது வேரைக் கெடுக்கும், நிலத்தடி நீரில் நைட்ரேட்டைச் சேர்க்கும். செய்யக்கூடியது, வந்த தழைச்சத்தை அதிக இலைகளுக்குப் பங்கிடுவது: நுனியைத் தாழ்வாக ஒடிக்காமல் இரண்டு, மூன்று இலை கூடுதலாக விட்டு, சில நாள் தாமதித்து ஒடியுங்கள். இன்னும் ஒடிக்காத வயலுக்குத்தான் இது பயன்படும். ஒடித்துவிட்ட வயலில் பாசன இடைவெளியை நீட்டி, பறிப்பைத் தள்ளிப்போட வேண்டும். நடுநரம்பு வெளுத்து, இலையோரம் மஞ்சளாகி, ஒடித்தால் சடக்கென்று முறிவதுதான் பறிக்கும் அடையாளம். காலண்டரைப் பார்த்துப் பறித்தால் பச்சை இலை கொட்டகைக்குள் போகும்.

பதப்படுத்தும்போது மஞ்சளாகாமல் பழுப்பாகிறது

மேற்சொன்ன வயலிலிருந்து வந்த இலைதான். மஞ்சளாக்கும் கட்டத்தை 35 முதல் 38 டிகிரியில், ஈரப்பதம் உயர்வாக வைத்து நீட்டிக்கலாம். ஆனால் எல்லை உண்டு. பச்சையம் சிதைவதற்குள் இலையின் சேமிப்பு தீர்ந்தால் இலை பழுப்பாகத் தொடங்கும். முக்கால்பங்கு மஞ்சளானதும் காற்றுப்போக்கைக் கூட்டி வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். கொட்டகையில் நெருக்கமாக அடுக்காதீர்கள், பழுத்ததையும் பழுக்காததையும் ஒன்றாக ஏற்றாதீர்கள். பர்லி போன்ற காற்றில் உலரும் வகைகளில் மிகைத் தழைச்சத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு: இலையில் தங்கும் நைட்ரேட், உலரும்போதும் சேமிப்பிலும் புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் உருவாக வழிசெய்கிறது.

இலை காகிதம் போல மெலிந்து, வெளிறிய நிறத்தில், சாரமற்று இருந்தால் எதிர்ப்பக்கக் கோளாறு: தழைச்சத்து மிகச் சீக்கிரம் தீர்ந்திருக்கிறது.

ஆய்வு அறிக்கை 'குறைவு' என்கிறது, பயிரோ செழித்து நிற்கிறது

கார பெர்மாங்கனேட் முறையில் எக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே என்றால் 'குறைவு' என்று எழுதுவார்கள். மக்கில் எளிதில் ஆக்சிகரணமாகும் பகுதியைத்தான் அந்த எண் காட்டுகிறது. எந்த வாரத்தில் எவ்வளவு விடுபடும் என்று அது சொல்லாது. தானியப் பயிருக்கு வகுத்த எல்லையைப் புகையிலைக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. அங்ககக் கரிமத்தின் அளவும் பாதி வழிதான் காட்டும். மண்ணை நீரில் மூழ்கவைத்து 40 டிகிரியில் ஏழு நாள் வைத்து, உண்டாகும் அம்மோனியத்தை அளக்கும் முறை இதைவிடப் பொருந்தி வரும். ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது தழைச்சத்து இடாத பாத்தி. வயலில் மூன்று இடங்களில், நான்கு வரிசை அகலம், 6 மீட்டர் நீளம் விடுங்கள். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் மற்றப் பகுதிக்குப் போலவே இடுங்கள், தழைச்சத்து மட்டும் வேண்டாம். அதனால் மணிச்சத்துக்கு, தழைச்சத்தும் கலந்த டிஏபி கூடாது, சூப்பர் பாஸ்பேட் இடுங்கள். நுனி ஒடிக்கும் அன்று நடு இரண்டு வரிசையிலிருந்து ஆறு செடிகளை வெட்டி, 65 முதல் 70 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, தழைச்சத்து சதவீதம் பாருங்கள். எக்டேருக்கு உலர்பொருள் 2,400 கிலோ, 1.6 சதவீதம் என்றால் 38 கிலோ. அதே பாத்தியில் இன்னொரு ஆறு செடிகளைக் கடைசிப் பறிப்பு வரை விட்டு, பறித்த இலைகளையும் தண்டையும் சேர்த்து மறுபடி கணக்கிடுங்கள். அது 60 கிலோ என்று வந்தால், 22 கிலோ நுனி ஒடித்த பிறகு மண் கொடுத்தது.

முதல் எண்ணை உரக்கணக்கில் வையுங்கள். எக்டேருக்கு 2,500 கிலோ பதப்படுத்திய இலை எதிர்பார்த்தால் இலை, தண்டு, வேர் எல்லாம் சேர்த்துப் பயிருக்கு ஏறத்தாழ 90 கிலோ வேண்டும். மண் 38 கொடுக்கும், இட்ட உரத்தில் 60 சதவீதம் ஏறும் என்று கொண்டால் (90 − 38) ÷ 0.6 = 87 கிலோ. நுனி ஒடிப்பதற்குள்ளேயே மண் 60 கொடுக்கும் வேறொரு வயலில் அதே கணக்கு 50 கிலோதான். இரண்டாவது எண்ணான அந்த 22ஐக் குறைக்க உரத்தால் முடியாது. எருவையும் பசுந்தாளையும் பயிர்ச்சுழற்சியில் புகையிலைக்கு அடுத்து வரும் பயிருக்கு மாற்றுவது, புகையிலைக்கு முன் தழைச்சத்தை உறிஞ்சும் தானியப் பயிர் வைப்பது, பின்பருவ இடை உழவை நிறுத்துவது ஆகியவைதான் வழி. இவற்றுக்குப் பிறகும் அந்த எண் 30ஐத் தாண்டி நின்றால் அந்த வயலை வெர்ஜீனியாவிலிருந்து பர்லிக்கோ வேறு பயிருக்கோ மாற்றிவிடுவதே சரி.

ஆய்வக வசதி இல்லையென்றால் அந்தப் பாத்தியைக் கண்ணால் ஒப்பிடுங்கள். நட்ட 45ஆம் நாள் உரமிட்ட பகுதிக்கும் அதற்கும் பச்சையில் வித்தியாசம் தெரியவில்லை என்றால், இட்ட உரத்தில் பெரும்பகுதி தேவையற்றது. வாரம் ஒருமுறை காலை 8 முதல் 10 மணிக்குள் நடுநரம்புச் சாற்றைப் பிழிந்து, நீர்த்து, நைட்ரேட் சோதனைப் பட்டையில் தொட்டு இரண்டு பகுதிகளையும் குறித்து வந்தால் இன்னும் தெளிவாகும். பட்டையின் நிறம் வாராவாரம் மங்கிக்கொண்டே வர வேண்டும். நுனி ஒடிக்கும் வாரத்திலும் அது அடர்ந்தே இருந்தால் அந்த வயலில் இலை எண்ணிக்கையைக் கூட்டி ஒடிக்க அன்றே முடிவெடுங்கள்.